மலைப்பட்டும் கடற்கரைப்பட்டும்



பட்டு என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன காஞ்சிபுரமும் கும்பகோணமும் திருபுவனமும் ஆகும். தறியைப் பற்றிப் பேசுகிறோம். சரிகையைப் பற்றிப் பேசுகிறோம். விலையைப் பற்றி மிகுதியாகவே பேசுகிறோம். ஆனால் அந்த இழையைத் தன் வாயிலிருந்து வடித்துத் தந்த உயிரைப் பற்றி நாம் பேசுவது அரிது. இன்று யான் பேச எடுத்துக்கொண்டது அவ்வுயிரின் வரலாறு. பட்டுப் பூச்சியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கும், மலையிலிருந்து சமவெளிக்கும் கொண்டு செல்ல மனிதர் செய்த முயற்சிகள் பல. அவற்றுள் சில வென்றன, சில தோற்றன, ஒன்று பெருங்கேடாகவும் முடிந்தது. அந்த வரலாற்றில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடமுண்டு. புதுச்சேரியோடு நெடுங்காலம் ஓராட்சியின்கீழ் இருந்த நம் காரைக்கால் கரையும் அதனைக் கேட்டறிதல் தகும்.

முதலில் ஒரு பாகுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். பட்டு நூற்கும் பூச்சிகளில் இரு பெருங்குடும்பங்கள் உள்ளன. ஒன்று, முசுக்கொட்டை இலையைத் தின்னும் வீட்டுப் பட்டுப்பூச்சி. சீனர் பல்லாயிரம் ஆண்டுகளாக இதனை வளர்த்து வந்தமையால், இது காட்டையே மறந்துவிட்டது. இதன் அந்துக்குச் சிறகு உண்டு. பறக்கும் ஆற்றல் இல்லை. மனிதன் இலை பறித்து இட்டாலன்றி இதன் புழு வாழாது. மற்றொன்று, காட்டுப்பட்டுப் பூச்சிகளின் குடும்பம். உலகில் இதனைச் சேர்ந்த இனங்கள் 2,000க்கும் மேற்பட்டவை. இவை யாருக்கும் அடிமைப்படாமல், தத்தம் மரத்தில் தத்தம் பருவத்தில் வாழ்பவை. நம் நாட்டு டசர், அசாமின் முகா ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இரவில் விளக்கொளிக்கு வந்து, உள்ளங்கையளவு சிறகு விரித்துச் சுவரில் அமர்ந்து, சிறகின் கண்வடிவப் புள்ளிகளால் நம்மை உற்று நோக்குவதுபோல் தோன்றும் பெரிய அந்துகள் பெரும்பாலும் இவையே.

இக்குடும்பம் மிகுதியாகப் பெருகியுள்ள இடம் தென்னமெரிக்கா. அங்குள்ள ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேலும் இவ்வினங்களிற் சில வாழ்கின்றன. நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு உயரத்தில் இரவு கடுங்குளிர் நிலவும். குளிர்ந்த தசையோடு பூச்சி பறக்க இயலாது. ஆதலால் அது பறப்பதற்குமுன் அமர்ந்த இடத்திலேயே சிறகுகளை விடாமல் நடுக்குகிறது. அந்த நடுக்கத்தால் மார்புத் தசை சூடேறுகிறது. மார்பை மூடியுள்ள அடர்ந்த மயிர், கம்பளிபோல் அவ்வெப்பத்தைக் காக்கிறது. போதிய சூடு ஏறிய பின்னரே அது பறக்கிறது. குளிர்நாட்டு இனங்கள் பல ஆண்டுக்கு ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகின்றன. எஞ்சிய காலத்தைக் கூட்டுப்புழுவாக உறங்கிக் கழிக்கின்றன. பட்டுப் பூச்சி என்ற குடும்பப் பெயரைத் தாங்கியும், கூடு கட்டாமல் மண்ணுக்குள் புகுந்து உறங்கும் இனங்களும் தென்னமெரிக்காவில் உள்ளன. அவற்றின் புழுக்கள் பல நச்சுமுள் உடையவை. இவ்வாறு இடத்தின் உயரமும் குளிரும் மரமும் ஒரு பூச்சியின் உடலையும் வாழ்நாளையும் வகுத்துவிடுகின்றன. இந்த ஓருண்மையை உணர்ந்தவர் வென்றனர், உணராதவர் தோற்றனர். இனி வரும் வரலாறு முழுவதும் இதற்குச் சான்றாகும்.

சென்னையிலிருந்து தொடங்குவோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். புதுப்பயிர்களில் பெருவேட்கை கொண்டவர். 1790களின் தொடக்கத்தில் அவர் சோழமண்டலக் கரை நெடுகப் பட்டு வளர்ப்பைப் பரப்ப முனைந்தார். வங்காளத்திலிருந்து புழுக்கள் வந்தன. முசுக்கொட்டைக் கன்றுகள் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர் எழுதிய கடிதங்களும் பெற்ற விடைகளும் சென்னையிலேயே அச்சேறின. ஊக்கத்துக்குக் குறைவில்லை. ஆயினும் அம்முயற்சி நம் கரையில் வேரூன்றவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், திப்பு சுல்தானும் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுவை வருவித்து மைசூர் நாட்டில் வளர்க்கச் செய்தார். அவர் ஆட்சி 1799இல் முடிந்தது; ஆனால் பட்டு முடியவில்லை. இன்றும் கருநாடகம் இந்தியப் பட்டு உற்பத்தியில் முன்னிற்கிறது. புழுவின் பிறப்பிடமும் ஒன்று, காலமும் ஒன்று. விளைவுமட்டும் ஏன் வேறாயிற்று? ஆட்சியாளரின் திறம் ஒரு காரணமாகலாம். எனினும் மண்ணும் காற்றும் சொல்லும் காரணம் தெளிவானது. வீட்டுப் பட்டுப்புழுவுக்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 24 முதல் 28 பாகை செல்சியசு வரை. மைசூர்ப் பீடபூமி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது. அங்குக் கோடையும் மென்மையானது. நம் கரையிலோ வைகாசி வெயில் 38 பாகையைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் சுவரெல்லாம் பூஞ்சணம் பூக்கும். புழுவுக்கு இரண்டும் பகை. இன்று தமிழ்நாட்டில் ஓசூர், தாளவாடி முதலிய மேட்டுநிலங்கள் பட்டு வளர்ப்பில் பெயர் பெற்றிருப்பதும், சமவெளியில் வளர்ப்போர் கொட்டகையைக் குளிர்விக்கத் தனிமுயற்சி எடுக்க வேண்டியிருப்பதும் இதனாலேயே.

அடுத்துப் புதுச்சேரிக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் 1793இல் பிறந்து, பிரெஞ்சு அரசின் தோட்டக்கலை அறிஞராக உலகைச் சுற்றியவர் பெரோத்தே. 1821இல் அவர் பிலிப்பைன்சின் மணிலாவிலிருந்து ஒரு முசுக்கொட்டை வகையைப் பிரான்சுக்குக் கொண்டு சேர்த்தார். ஒரே வேரிலிருந்து பல தண்டுகள் கிளைத்து, அகன்ற இலை தரும் வகை அது. அதற்கு இலத்தீனில் ‘பல தண்டு’ என்னும் பொருளுடைய பெயரை வைத்தவரும் அவரே. இச்செடி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வட அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கு 1830களில் ஒரு பித்துப் பிடித்தது. பட்டு நூற்பதை விட்டுவிட்டுக் கன்று விற்பதே தொழிலாயிற்று. குடியானவர் நெற்றி வியர்வைப் பணத்தையெல்லாம் கன்றுகளில் கொட்டினர். 1839இல் விலை சரிந்தது. குடும்பங்கள் பல நொடித்தன. பின்னர் குளிரும் நோயும் எஞ்சிய தோட்டங்களை அழித்தன. செடி குற்றமற்றது. அதற்கேற்ற இடமும், அதனைத் தின்ன வேண்டிய புழுவும், அதனை நூற்க வேண்டிய கையும் ஆயத்தமாக உள்ளனவா என்று எண்ணாமற் பாய்ந்த பேராசையே குற்றமுடையது.

பெரோத்தே பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, நீலகிரி மலையில் செடிகொடிகளைத் திரட்டினார். 1826இல் தோற்றுவிக்கப்பட்ட புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புகொண்டு உழைத்து, 1870இல் புதுச்சேரியிலேயே உயிர் நீத்தார். முசுக்கொட்டையை உலகுக்குப் பரப்பிய அம்மனிதரின் பார்வை, நம் கரையின் காட்டுப்பட்டுப் பூச்சியின்மேலும் விழுந்தது. புதுச்சேரியிலிருந்து சென்ற இப்பூச்சியை 1840களில் பாரிசில் ஆராய்ந்த கெரேன் மென்வில் என்னும் பூச்சியியல் அறிஞர், பெரோத்தேயின் பெயரையே அதற்குச் சூட்டினார். இந்தியக் காட்டுப்பட்டுகளைத் தொகுத்த பிற்கால நூல்களும் புதுச்சேரியை அதன் ஊராகக் குறித்தன. இன்றைய ஆய்வாளர் அதனைத் தனியினமாகக் கொள்ளாமல் டசர் இனத்தில் அடக்குகின்றனர். பெயர் மறைந்தால் என்ன? நம் கரையோரத்து இலந்தை மரத்திலும் நாவல் மரத்திலும் பட்டு நூற்கும் பூச்சி ஒன்று உண்டு என்ற செய்தி அன்றே அறிவுலகத்தில் பதிவாகிவிட்டது.

அப்பூச்சியின் வாழ்க்கையைச் சிறிது காண்போம். பெண் அந்து ஏறத்தாழ 150 முதல் 250 முட்டை வரை இடும். எட்டொன்பது நாளில் புழு வெளிவரும். நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவம் வளர்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் இலை தின்னும். முதிர்ந்த புழு இலையின் பசுமையைத் தானும் பூண்டு, பக்கங்களில் வெள்ளிப் பொட்டுகள் மின்ன, கிளையோடு கிளையாய் மறைந்திருக்கும். கூடு கட்டும்போது அது செய்யும் வேலை கொல்லனுக்கும் வியப்பூட்டும். முதலில் ஒரு சிறு கிளையைச் சுற்றிப் பட்டினால் வளையம் இடும். அவ்வளையத்திலிருந்து ஒரு காம்பை இறக்கும். அக்காம்பின் நுனியில் முட்டை வடிவான கூட்டைத் தொங்கவிடும். இலை உதிர்ந்தாலும் கூடு உதிராது. காய்ந்த கூடு கொட்டைபோல் உறுதியாக இருக்கும். உள்ளிருக்கும் அந்து வாயருகே ஒரு நீரைச் சுரந்து, கூட்டின் முனையை இளக்கி வெளியேறும். வெளியேறிய அந்துக்கு உண்ணும் வாய் இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. சில நாள் வாழ்ந்து, துணை தேடி, முட்டை இட்டு மடியும். ஆண் அந்து இறகு போன்ற உணர்கொம்புகளால், பெண்ணின் மணத்தை இருளில் தொலைவிலிருந்தே அறிந்து வரும்.

இப்புழுவைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பர்க். முதலில் சோழமண்டலக் கரையின் வடபகுதியில், சாமற்கோட்டையில் பணிபுரிந்து, பின்னர்க் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவரானவர். டசரையும், ஆமணக்கு இலை தின்னும் எரிப் புழுவையும் பற்றிய அவர் கட்டுரை 1804இல் இலண்டனில் வெளியாயிற்று. அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லற்கில்லை. வங்கத்து மலைவாழ் மக்கள் வழிவழியாக அறிந்திருந்ததை அவர் எழுதி வைத்தார். காட்டிலிருந்து கூடுகளைக் கொணர்வது, மருத மரங்களில் புழுக்களை விடுவது, பறவையும் எறும்பும் அண்டாமல் இரவு பகல் காவல் இருப்பது ஆகிய அனைத்தும் அம்மக்களின் கல்வி. ஏட்டில் ஏறாத கல்வியும் கல்வியே என்பதற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனிப் பிரான்சின் துயரத்தைக் கூற வேண்டும். தென்பிரான்சில் பட்டு வளர்ப்பு ஏழைக் குடும்பங்களின் உயிர்நாடியாக இருந்தது. 1853இல் அந்நாடு 2 கோடியே 60 இலட்சம் கிலோ கூடுகளை விளைவித்தது. 1865இல் அது ஏறத்தாழ 40 இலட்சமாக வீழ்ந்தது. காரணம் ‘பெப்ரீன்’ என்னும் நோய். மிளகைக் குறிக்கும் தென்பிரெஞ்சு வழக்குச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நோயுற்ற புழுவின் மேனி மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளால் நிறைந்திருக்கும்.

இந்நோய்க்கு மாற்றுத் தேடியவர் இரு வழியிற் சென்றனர். ஒரு சாரார் வேறு பட்டுப்பூச்சிகளை நாடினர். 1854இல் பாரிசில் அயல்நாட்டு உயிர்களைப் பழக்குவதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. நம் கரைப் பூச்சிக்குப் பெயரிட்ட கெரேன் மென்வில் இத்துறையிலும் முன்னின்றார். 1858இல் சீனத்துப் பெருமரத்தின் இலை தின்னும் காட்டுப்பட்டுப் பூச்சியைப் பிரான்சில் வளர்த்துக் காட்டினார். பூச்சி வாழ்ந்தது, தொழில் வாழவில்லை. அதன் கூட்டை இழையாகச் சுற்றி எடுப்பது எளிதாக இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்சில் துரூவலோ என்னும் பிரெஞ்சுக்காரர் காட்டுப்பட்டுப் பூச்சிகளை வளர்த்து வந்தார். அவர் ஆய்வுக்கென வருவித்த ஐரோப்பிய அந்து ஒன்று 1860களின் இறுதியில் தப்பிப் பறந்தது. அது பட்டுத் தரவில்லை, காட்டைத் தின்றது. இன்றளவும் வட அமெரிக்கக் காடுகளின் இலைகளை உருவி மொட்டையாக்கும் கொள்ளைப் பூச்சிகளுள் அது ஒன்று. ஓர் உயிரைப் பெயர்த்து நடுவதற்குமுன் பன்முறை எண்ண வேண்டும் என்பதற்கு இதுவே பெரும்பாடம்.

மற்றொரு வழியிற் சென்றவர் லூயி பாஸ்டர். அவர் வேதியியலறிஞர். தம் ஆசிரியர் தூமாவின் வேண்டுகோளால் 1865இல் அலேஸ் என்னும் ஊருக்குச் சென்றபோது, பட்டுக்கூட்டைக் கையால் தொட்டுப் பழகியவரும் அல்லர். பூச்சிகளின் நண்பர் பாபர் என்னும் பள்ளியாசிரியரிடம் அவர் ஒரு கூட்டை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்து, ‘உள்ளே ஏதோ இருக்கிறதே’ என்னும் கருத்தில் வினவினாராம். உள்ளிருப்பது கூட்டுப்புழு என்று ஆசிரியர் விளக்கினார். இச்செய்தியைப் பாபரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அறியாததை அறியாதது என்று ஒப்பிக் கேட்ட அந்த வினாவிலிருந்துதான் பெருவெற்றி பிறந்தது.

பாஸ்டர் ஐந்தாண்டு உழைத்தார். பூச்சியின் வாழ்க்கையை முட்டையிலிருந்து அந்து வரை பின்தொடர்ந்தார். நோய் தாயிடமிருந்து முட்டைக்குச் செல்கிறது என்று தெளிந்தார். ஒவ்வொரு தாயந்தையும் தனித்தனியே முட்டையிடச் செய்து, பின்னர் அதன் உடலை நசுக்கி நுண்பெருக்கியிற் பார்த்தார். நோய்த்துகள் காணப்பட்டால் அத்தாயின் முட்டைகளை எரிக்கச் சொன்னார். காணப்படாவிட்டால் வளர்க்கச் சொன்னார். மருந்து இல்லை, மந்திரம் இல்லை. 1870இல் அவர் நூல் வெளியாயிற்று. இன்றும் இந்திய முட்டை வித்தகங்களில் தாயந்தைச் சோதிக்கும் வழக்கம் அவர் வகுத்த நெறியே. புதுப்பூச்சி தேடி உலகெங்கும் அலைந்தோரால் ஆகாதது, கையிலிருந்த பூச்சியை நன்கு அறிந்த ஒருவரால் ஆயிற்று.

விடுதலை பெற்ற இந்தியாவும் இந்நெறியையே பின்பற்றியது. டசருக்கென 1964இல் ராஞ்சியில் மைய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இமயத்தின் காட்டுப்பட்டுப் பூச்சியையும் சீனத்து டசரையும் கலந்து, குளிர்மலைக் கருவாலி மரத்தில் வாழும் புதுவகை உருவாக்கப்பட்டது. மணிப்பூர் முதலிய மலைநாடுகளில் அது வளர்க்கப்படுகிறது. சார்க்கண்டு, சத்தீசுகர், ஒடிசா காடுகளில் மருத மரத்து டசர் பழங்குடி மக்களுக்கு வருவாய் தருகிறது. முகாவோ பிரம்மபுத்திரப் பள்ளத்தாக்கைத் தன் தாய்வீடாகக் கொண்டுள்ளது. எரிப்புழு சமவெளியையும் பொறுக்கும். ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் தின்னும். அதன் கூடு ஒரு முனை திறந்திருத்தலால், உள்ளுயிரைக் கொல்லாமலே பஞ்சுபோல் நூற்கலாம். மலைக்கு ஒன்று, பள்ளத்தாக்குக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, வயலோரத்துக்கு ஒன்று என இயற்கை வகுத்திருக்கிறது. அவ்வகுப்பை மதித்தவிடத்தில் மனிதனுக்கும் பங்கு கிடைக்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் முதல் நாளில் இந்தியாவோடு இணைந்தது. அந்த நெடுங்காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த ஆணைகளே இங்கும் செல்லுபடியாயின. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே, இதே கடற்காற்றில், இதே இலந்தை மரத்தில் பெரோத்தே காலத்தில் அறியப்பட்ட பூச்சிக்கு, இவ்வூர் அயலன்று. நம் வீட்டு வாயில்களில் நிழல் தரும் நாட்டு வாதுமையும் மருதத்தின் உறவு. டசர்ப் புழு அதன் இலையையும் உண்ணும்.

ஆனால் மரம் இருந்தாலன்றோ புழு இருக்கும்? 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்து காரைக்கால்மேட்டையும் அண்டை மீனவ ஊர்களையும் அழித்ததை நாம் மறக்க இயலாது. உயிர்களை இழந்தோம், வீடுகளை இழந்தோம், உடன் முற்றத்து மரங்களையும் இழந்தோம். வீடுகள் மீண்டும் எழுந்தன. கரைகாக்கச் சவுக்கு நட்டால் அதுவும் நன்றே. ஆயினும் சவுக்கு மட்டுமே நின்றால், இலந்தையையும் நாவலையும் வாதுமையையும் நம்பிய உயிர்களுக்குப் போக்கிடம் இராது. வெளியூரிலிருந்து வரும் அழகுச்செடியைத் தொட்டியில் வளர்க்கிறோம். வேலியோரத்து இலந்தையை முள்ளென்று வெட்டுகிறோம்.

ஆசிரியனாகப் பல்லாண்டு பணியாற்றியவன் என்ற முறையில், பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். கம்பளிப்பூச்சி என்றால் மிதிப்பது நம் பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது. அடர்ந்த மயிருடைய சில புழுக்கள் பட்டால் தோல் தடிக்கும். அவற்றைத் தொடலாகாது என்று கற்பித்தல் கடன். ஆனால் பசுமேனியில் வெள்ளிப் பொட்டு மின்னும் டசர்ப் புழு எவருக்கும் தீங்கு செய்யாதது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே கல்வி. பள்ளி வளாகத்தில் இலந்தை ஒன்று, நாவல் ஒன்று, வாதுமை ஒன்று நட்டுப் பாருங்கள். எப்போது முட்டை, எப்போது புழு, எப்போது கூடு என்று மாணவர் நாளும் மாதமும் குறித்து வரட்டும். பத்தாண்டுக்குப்பின் அக்குறிப்பேடு நம் கரையின் ஒரு வரலாற்று நூலாகும். அதற்கு நுண்பெருக்கியும் வேண்டா. அயல்நாட்டுப் பயணமும் வேண்டா.

ஆண்டீஸ் மலையின் பூச்சியை நாம் இங்குக் கொணர வேண்டுவதில்லை; அது தன் குளிரில் தன் மரத்தில் நெடிது வாழட்டும். நம் இலந்தையிலும் வாதுமையிலும் நூற்கும் பூச்சியை நாம் அறிவோமாக. இடமறிந்து வாழும் உயிர்க்கு இடம் விட்டு வாழ்தலே அறிவுடைமை.